உருகிய உப்பும் என் வயிற்றெரிச்சலும்

காலாப்பட்டு ஆய்வகத்தைத் திறந்ததும் இன்று அந்த வாடைதான் முதலில் வந்தது. சூடேறிய இரும்பும் கருகின தூசியும் கலந்த வாடை. மாணவர்கள் உலையைப் போட்டுவிட்டிருந்தார்கள். உள்ளே உப்பு உருகிக்கொண்டிருந்தது. அணு உலையில் தண்ணீருக்குப் பதிலாக உருகிய உப்பை ஓடவிட்டால் எந்த எஃகு அரிக்காமல் தாங்கும் என்று பார்க்கிற உன் வேலை. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னமும் அதை ‘மேடம் உலை’ என்கிறார்கள். அதே அறையில் தினமும் உட்கார்ந்திருக்கும் நானும் ஒரு மேடம்தான்.

எனக்கு உன்மேல் பொறாமை என்று உனக்குத் தெரியும். எப்போது தொடங்கியது என்று தெரியுமோ என்னவோ. உப்பளம் பேட்டையில், உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். உன் அப்பா பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். நீ கேட்டிருந்தால் உனக்கும் அந்த பாஸ்போர்ட் கிடைத்திருக்கும். அணு ஆராய்ச்சிக்குக் கொட்டிக் கொடுக்கிற நாடு அது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நம் ஊரில் அந்த பாஸ்போர்ட்டுக்காகவே சம்பந்தம் பேசுகிறவர்கள் உண்டு. நீ சோற்றைப் பிசைந்தபடியே வேண்டாம் என்றாய். அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று தெருவில் வைத்துக் கேட்டேன்.

“வெளிநாட்டு பாஸ்போர்ட்ட வச்சிக்கினு கல்பாக்கம் கேட்டுல போயி நிக்கச் சொல்றியா? எனக்கு இங்கதான்டி வேல செய்யணும்.”

எங்கள் வீட்டார் பாகூர் பக்கம் நெல் போடுகிறவர்கள். பிரான்சுக்கும் எங்களுக்கும் ஒரு ஒட்டும் இல்லை. எனக்கு வாய்க்காததை நீ வைத்துக்கொண்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அலட்சியமாக ஒதுக்கினாய் பார், அதுதான் உறுத்தியது.

பிறகு அரசாங்கத்தின் அணு ஆராய்ச்சி நிதிக்கு இருவரும் தனித்தனியாகக் கேட்டோம். உனக்கு உப்பு, எனக்குக் கதிர்வீச்சை அளக்கும் உணரி. சென்னையில் ஒரே நாளில் நேர்காணல். இதை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொள்ளலாமே என்று குழுவினர் கேட்டார்கள். நான் திணறினேன். உன்னிடமும் அதையே கேட்டிருக்கிறார்கள். போக வழியிருந்தும் போகாமல் உட்கார்ந்திருக்கிறேன், இங்கேயே செய்ய முடியும் என்பதால்தான் என்றாயாம். நிதி உனக்கு. அப்படிச் சொல்ல எனக்கு எது இருந்தது? விட்டுக்கொடுக்கவும் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே.

அந்த ஞாயிறு பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கி வந்து எனக்கு விருந்து வைத்தாய். வாழ்த்துச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன். மீன் நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

போன மாதம் மறுபடி அந்தக் குழுவின் முன்னால் போய் நின்றேன். அணு மின்சார ஆராய்ச்சிக்கு அரசாங்கம் இப்போது தாராளம் காட்டுகிறது. என் உணரியை உன் உலையோடு இணைத்து ஒரே திட்டமாக வைத்தேன். இத்தனை வருடத்தில் முதல் முறையாக எனக்கு ஒப்புதல் கிடைத்தது. எழுந்து வணக்கம் சொன்னபோது குழுத் தலைவர் கனிவாகத்தான் சொன்னார்:

“அவங்க வேல பாதியில நின்னுடக் கூடாதும்மா. அதுக்காகத்தான்.”

வெளியே படியில் உட்கார்ந்து அழுதேன். உன்னை நினைத்து அழுகிறேன் என்று கூட வந்த மாணவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாதிதான் உண்மை. செத்த பிறகும் எனக்கு முன்னால் போய் நிற்கிறாயே என்ற ஆத்திரம் மீதி.

துக்கம் கொஞ்சம் கொஞ்சமாக ஆறும் என்றார்கள். ஆறிக்கொண்டுதான் வருகிறது, உன் குரல்கூடச் சில நாள் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. பொறாமை மட்டும் அப்படியே இருக்கிறது. உன்னை முந்திவிட வேண்டும் என்றுதான் இன்னமும் காலையில் பஸ் பிடித்து ஓடி வருகிறேன். அதுவும் ஆறிப்போனால் உன்னிடமிருந்து எனக்கென்று எதுவும் மிஞ்சாது. ஆறவிட மாட்டேன்டி.