பாராசூட் குடும்பத்தார்

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.
17.8.2025

அன்பு மகன் இளவரசுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும், பாடலீஸ்வரர் புண்ணியத்தில் இன்னும் உயிரோடிருக்கும் உன் அப்பாவும் சுகம். அதுபோல நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நைட் டியூட்டி முடிந்ததும் தூங்கி, இரண்டு காலும் தரையில் பட சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தால் போதும், உன் அப்பா ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், இதில் அவர் காதில் விழக்கூடாத சங்கதி ஒன்று இருக்கிறது. எதிர்வீட்டு சவரியம்மாள் மகள் புதன்கிழமை உங்கள் மெல்போர்னுக்குத்தான் வருகிறாள், அவளிடம் கொடுக்கும் முறுக்கு டப்பாவுக்கு அடியில் இதை வைத்து அனுப்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டாயே, அடுத்த மாதம் எல்லோரும் ஏரோபிளேனிலிருந்து சேர்ந்து குதித்து, செத்துப்போன அந்தப் பையனுக்காக வானத்திலிருந்து பூப்போடப் போகிறோம், நானும் குதிக்கட்டுமா அம்மா என்று. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். பால் எதுவும் பொங்கவில்லை, அடுப்பே எரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம். பதில் கடைசியில் வரும், நடுவில் தாண்டிக்கொண்டு ஓடாமல் வரிசையாகப் படி.

முதல் தப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். பொங்கலுக்குப் பேசும்போது சனி ஞாயிறு பாராசூட்டில் கற்றுக்கொள்கிறேன் அம்மா என்று நீ சொன்னாய். எனக்குத் தெரிந்த பாராசூட் தலைக்குத் தேய்க்கும் நீல டப்பா ஒன்றுதான். ஆஸ்பத்திரி வேலை போக மீதி நேரத்தில் பிள்ளை தேங்காய் எண்ணெய்க் கம்பெனியில் பார்ட் டைம் பார்க்கிறான், என்ன பொறுப்பு என்று நெஞ்சு நிறைந்துபோய் நெல்லிக்குப்பத்திலிருந்து குமராட்சி வரை சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்குப் போன இடத்தில் இரண்டு பேர் தலையை நீட்டி, முடி கொட்டுகிறது, உங்கள் பையனிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்கள், நானும் கேட்டவள் மாதிரி வாரம் இரண்டு முறை தேய்க்கச் சொன்னான் என்றேன். பயமாக இல்லையா என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை பார், எண்ணெய்க் கம்பெனியில் என்ன பயம்.

இரண்டாவது தப்பு உன் அப்பாவுடையது. பள்ளிக்கூடத்தில் நீ ரா. இளவரசு. பாஸ்போர்ட்டுக்கு இனிஷியலை விரித்து எழுத வேண்டும் என்றதும், டிரில் மாஸ்டர் அல்லவா, தான் முன்னால் நின்றால்தான் வரிசை ஒழுங்காக வரும் என்று தன் பெயரை முன்னால் எழுதி உன் பெயரைப் பின்னால் நிறுத்தினார். அங்கே முன்னால் இருப்பதுதான் பெயராம். ஆக, ஏழு கடல் தாண்டி வெள்ளைக்காரப் பிள்ளைகள் எல்லோரும் உன்னை ராஜமாணிக்கம் என்று கூப்பிடுகிறார்கள். இது தெரிந்திருந்தால் அன்றைக்கு ஒரு வேன் டீசல் மிச்சம்.

இனி அன்றைக்கு நடந்தது. ஏழாம் தேதி, வியாழக்கிழமை காலை. உன் அப்பா போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மீன் வாங்க முதுநகருக்குப் போய்விட்டார். நான் வாசலில் கோலம் போட்டு முடித்து, இட்லிக்கு மாவு புளித்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் வேன் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து உன் தங்கம்மாள் அத்தை தலையை விரித்துப் போட்டுக்கொண்டு இறங்கினாள். என் நாத்தனாரை உனக்குத் தெரியும், குமராட்சியில் கொள்ளிடத்துத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோதுகூட கொண்டையைச் சரி செய்துகொண்டுதான் மாடி ஏறியவள். அவளுக்குப் பின்னால் சிதம்பரத்திலிருந்து என் தம்பி அன்புமணி, அவன் பெண்டாட்டி, மகள் கயல்விழி, இன்னும் பத்துப் பேர். அத்தை மார்பில் அடித்துக்கொண்டு, எங்க ராசா, எங்கள வுட்டுட்டுப் போயிட்டியே ராசா, என்று ஆரம்பித்தாள். நடுவில், மவனுக்குச் சொன்னவ எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலியேடி, என்று எனக்கும் ஓர் அடி வைத்தாள், அழுகையிலும் அவள் குறை சொல்ல மறக்கவில்லை.

இளவரசு, இந்த வீட்டில் ராசா யார் சொல். உன் அப்பாவும் ராசா, நீயும் ராசா. உன் அத்தை தம்பியையும் ராசா என்றுதான் கூப்பிடுவாள், தம்பி மகனையும் ராசா என்றுதான் கூப்பிடுவாள். யார் என்று நான் கேட்கிறேன், ஒருவரும் பெயர் சொல்லவில்லை. துக்க வீட்டில் வந்து யாராவது பெயர் சொல்லுவார்களா, என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழத்தான் செய்தார்கள். கையில் மாவு. எனக்குக் காது அடைத்துவிட்டது. அரை நிமிஷம் இருக்கும், அதற்கு மேல் இருக்காது என்று கயல்விழி சொல்கிறாள். அந்த அரை நிமிஷம் உன்னை நினைத்துக்கொண்டு நின்றேன். உன் சின்ன வயசு எதுவும் ஞாபகம் வரவில்லை, அதற்கு முந்தின வாரம் நீ மைக்ரோவேவில் சோறு சூடு பண்ணிக்கொண்டே பேசினாயே, அந்த மிஷின் பீப் பீப் என்று கத்தியது, அதுதான் கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்போது அன்புமணி கையில் சுருட்டிக் கொண்டுவந்ததை விரித்தான். அவன் தொழில்தான் உனக்குத் தெரியுமே, சிதம்பரத்தில் காது குத்து முதல் கருமாதி வரை பிளெக்ஸ் பேனர் அவன் கடைதான். ஆறடிக்கு நாலடி. கண்ணீர் அஞ்சலி என்று கொட்டை எழுத்து. நடுவில் உன் அப்பா. ரிட்டயர்மென்ட் விழாவில் எடுத்த போட்டோ, மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறாரே, அது. மாலையை அவன் கம்ப்யூட்டரில் புதிதாகப் போட வேண்டிய வேலைகூட இருக்கவில்லை. கீழே, ஆழ்ந்த வருத்தத்துடன், பாராசூட் குடும்பத்தார், ஆஸ்திரேலியா.

அதைப் பார்த்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா. அப்பாடா, இவர்தானா, என்று ஒரு மூச்சு விட்டேன். வாய்விட்டே சொல்லியிருப்பேன் போலிருக்கிறது, தங்கம்மாள் அத்தை அழுகையை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திய மனுஷன். அந்த மூச்சு அதுவாக வந்தது, நான் என்ன செய்ய. இதைத்தான் அவரிடம் சொல்லாதே என்கிறேன். அப்புறம் ஐயையோ என்று அழவும் ஆரம்பித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன், நான் அவ்வளவு மோசம் இல்லை.

அழுதுகொண்டிருக்கும்போதே செத்தவர் சைக்கிளில் வந்து இறங்கினார், கையில் சங்கரா மீன். கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் பேனரை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார், படித்துவிட்டு, பொறந்த தேதி தப்பு என்றார். மச்சான், என்ன ஒரு வார்த்த கேட்டுட்டுப் போட்டிருக்கலாமில்ல என்று கேட்டார். அன்புமணி, இதுக்கெல்லாம் கேட்டுட்டா போடுவாங்க மாமா, என்றான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து விக்கல் எடுத்துவிட்டது.

பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. விடியற்காலையில் கடை திறக்கும்போது அன்புமணி போனைப் பார்த்திருக்கிறான். பேஸ்புக்கில் உன் பெயரில் ஒரு மெழுகுவத்திப் படம், பக்கத்தில் பாராசூட், ஆங்கிலத்தில் இரங்கல் சேதி. அதில் ஸ்டூடன்ட் என்று ஒரு வார்த்தை, கடைசியில் பாராசூட் ஃபேமிலி என்று கையெழுத்து. அதற்குக் கீழே நாற்பது பேர், ராஜமாணிக்கம், ராஜமாணிக்கம் என்று இதயமும் கண்ணீருமாக எழுதியிருக்கிறார்கள். மாமா டிரில் மாஸ்டர், அவரிடம் படித்த பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து வருத்தப்படுகிறார்கள், எண்ணெய்க் கம்பெனியே குடும்பத்தோடு அனுதாபம் தெரிவித்துவிட்டது, எவ்வளவு பெரிய மனுஷனை நாம் சாதாரணமாக நினைத்துவிட்டோம் என்று வாய்விட்டுப் புலம்பினானாம். உன் அப்பா போனுக்கு இரண்டு தரம் அடித்திருக்கிறான், எடுக்கவில்லை, செத்தவர் எப்படி எடுப்பார் என்று அவனுக்கு உறுதியாகிவிட்டது. எனக்கு ஏன்டா அடிக்கவில்லை என்றால், பொம்பளகிட்ட போன்ல துக்கம் கேக்கறதாக்கா, என்கிறான். அதுவும் நியாயம்தான்.

கயல்விழிதான் அந்தச் சேதியை முழுசாகப் படித்தாள். படித்தவள் முகம் மாறிவிட்டது. அத்தை, பாராசூட்னா எண்ணெய் இல்ல, அத்தான் ஏரோபிளேன்லேருந்து குதிக்கக் கத்துக்கறாங்க, கூடப் படிச்ச பையன் ஒருத்தன் குதிக்கும்போது தவறிட்டான், அவனோட நெருங்கின ஃபிரெண்டுன்னு எல்லாரும் அத்தானுக்கு ஆறுதல் சொல்றாங்க, என்றாள். உனக்கு மூன்று தரம் அடித்தோம், டியூட்டி முடிந்து தூங்குகிறாய், நாலாவது தரம் எடுத்தாய். எடுத்ததும் நீ அழுதாய். முதலில் லியம் என்று பெயர் மட்டும் சொன்னாய். அப்புறம், இருபத்திரண்டு வயசு, அம்மா ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிறாள், உன் டப்பாவில் இருந்து சாம்பார் சாதம் பிடுங்கிச் சாப்பிடுவான் என்றாய். இன்னொன்றும் சொன்னாய். உன் சொந்தப் பெயர் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வாய்க்குள் நுழையாமல் எலவ்ராஸ் எலவ்ராஸ் என்று கூப்பிட்டவன் அந்தக் கூட்டத்தில் அவன் ஒருத்தன்தான் என்று. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அந்தப் பையன் ஒரு பையனாகத் தெரிந்தான், அதுவரை என் பிள்ளை இல்லை என்ற நிம்மதியில் இருந்தேன், மறைக்காமல் எழுதுகிறேன்.

வந்தவர்கள் பதினான்கு பேர், யாரும் பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் கிளம்பியவர்கள். புளிக்காத மாவை வைத்துக்கொண்டு நான் முழிக்க, செத்தவரே சைக்கிளில் போய் ஐம்பது இட்லி வாங்கிவந்தார். தங்கம்மாள் அத்தை நாலு இட்லி சாப்பிட்டுக் கை கழுவி, கொண்டையைப் போட்டுக்கொண்டு, நான் அழுதது அழுததுதான், இந்தத் தடிப்பயலுக்கு அழுததத் திருப்பி வாங்கிக்கறேன், என்று உன் அப்பாவைக் காட்டிச் சொன்னாள். அப்புறம் என்னிடம், அந்தத் தாய்கிட்ட சொல்லச் சொல்லு, குமராட்சியிலேருந்து ஒருத்தி உம் புள்ளைக்குத் தலைய விரிச்சுப் போட்டு அழுதுட்டாள்னு, என்றாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அந்த அழுகை பொய் இல்லை, விலாசம்தான் மாறி வந்துவிட்டது.

உன் அன்புமணி மாமாவுக்கு மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. போனவன் நேற்று ஒரு பார்சல் கொடுத்தனுப்பியிருக்கிறான். கயல்விழி உன் பேஸ்புக் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாளாம், அந்தப் பையன் தலைக்குல்லாயும் கண்ணாடியுமாகப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற படம். கண்ணீர் அஞ்சலி, தம்பி லியம், என்று போட்டு, கீழே, பாராசூட் குடும்பத்தார், சிதம்பரம், குமராட்சி, கடலூர். இதில் ஒன்றைக் கடை வாசலிலேயே கட்டியிருக்கிறான். கீழவீதியில் போகிறவர்கள் நின்று பார்த்து, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கிறார்களாம். நம்ம வூட்டுப் புள்ளதான் என்று சொல்லிவிடுகிறானாம். இன்னொன்றை மடித்து இந்த டப்பாவோடு வைத்திருக்கிறேன். உன் அப்பாவின் பேனரைத் திருப்பிப் போட்டு மாடியில் வடாம் காயவைக்கிறேன், வடாமுக்கு அடியில் சிரித்துக்கொண்டே கிடக்கிறார்.

இப்போது பதில். குதிக்கக்கூடாது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், இரண்டு தாளைக் கிழித்தும் போட்டேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பார்த்தேன். அந்த அரை நிமிஷம் நீ எனக்கு இல்லாமல் போனபோது நீ வானத்தில் இல்லை, கட்டிலில் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாய். உன்னைக் கட்டிலோடு கட்டிப்போட்டாலும் எனக்கு அந்த அரை நிமிஷம் வரும்போலிருக்கிறது. அந்தப் பையனுக்குப் பூப்போடப் போகிறவர்களில் அவன் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்ட பெயர்க்காரன் நீ ஒருத்தன்தான். அதனால் போய் குதி. இந்த ஒரு தடவைக்குச் சொல்கிறேன், அடுத்த தடவைக்கு மறுபடி கேட்க வேண்டும், அன்றைக்கு நிஜமாகவே பால் பொங்கினாலும் பொங்கும்.

ஆனால் அதற்கு முன்னால் அந்த ரொட்டிக் கடை அம்மாவைப் போய்ப் பார். என்ன பேசுவது என்று மனப்பாடம் பண்ணாதே, நம் ஊரில் யாரும் பேசுவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பேனரை விரித்துக் காட்டு, அத்தை சொன்னதைச் சொல். குதிக்கிற ஃபாரத்தில் உன் பெயரை முன்னால் எழுது, கூட இருப்பவர்களுக்கும் சொல்லிக்கொடு, எலவ்ராஸ் என்றாவது கூப்பிடட்டும். எண்ணெய் தேய்த்துக் குளி. பாடலீஸ்வரர் உன்னைக் காப்பாற்றட்டும், நூறு வயசு இரு. மறந்துவிடாதே, காலில் மண் ஒட்டியதும் முதல் போன் எனக்கு.

இப்படிக்கு, ஆசிகளுடன்
உன் அம்மா
ரா. மாலதி

தம்பி, அப்பா எழுதுவது. முறுக்கு எடுக்கத் திறந்தேன், கடிதம் இருந்தது. எல்லாம் படித்தேன். அந்த மூச்சு விஷயம் பற்றி உன் அம்மாவிடம் ஒன்றும் கேட்கப் போவதில்லை, நீயும் கேட்காதே. மீன் பையோடு வந்தபோது பேனரில் இருப்பது யார் என்றுதான் நானும் முதலில் பார்த்தேன். என் முகமாக இருக்கவே, நானும் அதே மூச்சைத்தான் விட்டேன். கீழே இறங்கும்போது முழங்காலை மடக்கு. முறுக்கு நான்கு குறையும்.