ஏகாதசியன்று பிழிந்த முந்திரிப் பழச் சாறு

வட்டியூர்க்காவு, திருவனந்தபுரம்
பங்குனி, துவாதசி

சௌபாக்கியவதி மாளவிகாவுக்கு அப்பாவின் ஆசிகள். இங்கே நான், அம்மா, அத்தை மூவருக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, உடம்பைத் தவிர மற்றதெல்லாம்தான் சரியில்லை. நீயும் மாப்பிள்ளை வினய்யும் அந்தக் குளிரில் சௌக்கியமாக இருக்க வேண்டும், வாசலில் பனி உறைந்து வழுக்குகிறது என்றாயே, பார்த்து நட. ஃபோன் இருக்கும்போது அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். உன்னோடு பேசும்போதெல்லாம் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள், அத்தை நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்துவிடுகிறாள். இந்த விஷயத்தை அவள் காதுபட இன்னொரு தடவை சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

எல்லாம் நீ அனுப்பிய அந்த வீடியோவில் ஆரம்பித்தது. உன்மேல் குற்றம் சொல்லவில்லை, சொன்னாலும் பாதிதான் சொல்வேன். பின்பக்கத்து முந்திரி மரம் இந்த வருடம் தாங்க முடியாத அளவுக்குக் காய்த்து, பழம் விழுந்து அழுகி ஈ மொய்க்கிறது என்று சொன்னதற்கு, சாறு பிழிந்து குடியுங்கள் அப்பா, ஆரஞ்சைவிட விட்டமின் அதிகம் என்றாய். முந்திரிப் பழத்தைக் கடித்தால் தொண்டை கரகரவென்று பிடித்துக்கொள்ளும், அந்தத் துவர்ப்பை எடுக்க ஜவ்வரிசியைக் காய்ச்சி ஊற்றித் தெளியவைக்க வேண்டும் என்று அந்த வீடியோப் பெண் சொன்னதை மூன்று தடவை பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டேன். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருடம் கலங்கலைத் தெளியவைத்தவனுக்கு இதுகூட வராதா என்று ஒரு நினைப்பு. பதினைந்து நாளுக்கு முந்தின ஏகாதசியன்று காலையில் இருபது பழம் பொறுக்கினேன். கொட்டையைத் திருகி எடுக்க வராமல் கத்தியால் நெம்பியதில் ஓட்டு எண்ணெய் பட்டுக் கட்டைவிரல் கொப்பளித்தது, சாறு தெறித்துப் புது வேட்டியில் கறை, அது இந்த ஜன்மத்தில் போகாதாம். இத்தனையும் ஆகி, பிழிந்து வடிகட்டி வைத்த பிறகு ஜவ்வரிசி டப்பாவைத் திறந்தால் காலி. அம்மா முந்தின நாள்தான் இருந்ததையெல்லாம் வடாத்துக்குக் கூழ் கிளறியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் ரெஷ்மா என்ற பெண் மதிலுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு, "அங்கிளே, அதினு கஞ்ஞிவெள்ளம் மதி" என்றாள், அவர்கள் வீட்டில் எப்போதும் கஞ்சித் தண்ணீர்தான் ஊற்றுவார்களாம். எனக்கும் அம்மாவுக்கும் சாதம் வடித்த கஞ்சி மேடையில் இருந்தது. ஸ்டார்ச் என்றால் ஸ்டார்ச்தானே, அரிசியானால் என்ன ஜவ்வரிசியானால் என்ன என்று, படித்த முட்டாள் மட்டுமே நினைக்கக்கூடியதை நினைத்து ஊற்றிவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் துவர்ப்பெல்லாம் தயிர் போலத் திரிந்து அடியில் இறங்கி, மேலே பொன் நிறத்தில் சாறு நின்றது. அந்தப் பெருமையில் முதல் டம்ளரை யாரிடம் கொண்டுபோனேன் தெரியுமா, காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்த அத்தையிடம். முப்பத்தெட்டு வருடமாக ஏகாதசியன்று ஒரு பருக்கை அரிசி உள்ளே போகாமல் விரதம் காக்கிறவள், கண் ஆபரேஷன் நடந்த அன்றுகூடப் பழமும் பாலும்தான். பழச்சாறுதானே என்று இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "சேஷா, அமிர்தம்டா" என்றாள்.

சாயங்காலம் பாத்திரம் தேய்க்கப்போன அம்மாதான் அடியில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏகாதசியும் அதுவுமா கஞ்சியையா விட்டேள், அதை அக்காவுக்கா குடுத்தேள்" என்று கேட்டாள். சொல்லிவிடலாம் என்றேன். "சொன்னா ரெண்டு பேருக்கும் தூக்கம் போகும், சொல்லலேன்னா உங்களுக்கு மட்டும்தான் போகும், எது தேவலை" என்றாள். நியாயமாகப் பட்டது. எனக்கு எப்போதுமே கடைசியாகப் பேசினவர் சொல்வது நியாயமாகத்தான் படும். பதினைந்து நாள் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பதினைந்து நாளும் அத்தை கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம், தம்பி விரதத்துக்கென்றே ஒரு சாறு பண்ணிக் கொடுத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு மாமிகள் பக்குவம் கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள், அவர்கள் போகும்வரை நான் குளியலறையில் நின்றேன்.

நேற்று அடுத்த ஏகாதசி. இந்தத் தடவை, பெயரில் மட்டும் அரிசி இருக்கிற, விரதத்துக்கு ஆகிற ஜவ்வரிசியையே வாங்கிவந்து, காய்ச்சி ஆறவைத்து, எல்லாம் நோட்டில் உள்ளபடி செய்தேன். அத்தை ஒரு வாய் குடித்தாள். "போன தடவை மாதிரி இல்லையேடா, வழவழங்கறது. அப்போ என்ன போட்டியோ அதையே போடேன்" என்றாள். பழம் வேறு அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்கும், அம்மாவும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கையை ஆட்டுகிறாள். என் வாயில் வந்தது "கஞ்சி அக்கா" என்பதுதான். உடனே, அது துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு அடியில் போய்விடும், மேலே தெளிந்ததில் அரிசி இராது என்று விளக்க ஆரம்பித்தேன். "அடியிலே போன அரிசி மேலே வரலைன்னு நீ பாத்தியா" என்றாள். பார்க்கவில்லைதான். எப்போது தெரியும் என்று கேட்டாள், அன்று சாயங்காலமே என்றேன். டம்ளரைக் கீழே வைத்தாள். "தெரியாம உள்ளே போனதைப் பெருமாள் பாத்துப்பார். பதினஞ்சு நாள் என் எதிரே உக்காந்து சாப்டுண்டு பேசாம இருந்தியே, அதை யாரு பாத்துப்பா" என்றாள். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் தேவலை. பரணில் இருந்த பெட்டியை இறக்கச் சொல்லி, திருநெல்வேலியில் இருக்கும் மகன் கைலாஷுக்கு ஃபோன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துக்கொண்டு போ என்றாள். ஒன்பது வருடம் நம்மோடு இருந்தவள். அவன் என்னைக் கூப்பிட்டு, "என்ன மாமா, அம்மா ஜூஸ் ஜூஸ்ங்கறா, ஒண்ணும் புரியலை" என்கிறான், எனக்கு மட்டும் என்ன புரிகிறது.

இன்று காலை விரதம் முடித்துச் சாப்பிட என் எதிரேதான் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல் அம்மாவிடம், "கௌசல்யா, முப்பத்தெட்டு வருஷம் போயாச்சு, நேத்தி ஏகாதசியைப் புதுசா ஒண்ணுன்னு வெச்சுக்கறேன். ரெண்டாவது ஏகாதசிக்குப் பழம் இருக்குமான்னு அவனைக் கேளு" என்றாள். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். இருக்கும் என்று சொல் என்று நானும் அம்மாவிடமே சொன்னேன். இந்த வீட்டில் தனக்குத் தபால்காரர் வேலை வேறு என்று அம்மா கரண்டியும் கையுமாக முணுமுணுத்தாள். பெட்டி இன்னும் ஹாலில்தான் இருக்கிறது. கைலாஷை வரவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, நானாகச் சொன்னால் அது வேறு தப்பாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

இனிமேல் வீடியோ எதுவும் அனுப்புவதானால் அம்மாவுக்கு அனுப்பு, எனக்கு வேண்டாம். காலையில் வெறும் வயிற்றில் காபி குடித்துவிட்டு ஓடாதே, மாப்பிள்ளையையும் நேரத்துக்குச் சாப்பிடச் சொல். பகவான் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நிம்மதியான தூக்கமும் கொடுக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. உனக்கு ஒன்றும் தெரியாதது போல இருந்துகொள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அது வேண்டாம். அத்தை கேட்டால், தெரியும், அப்பா எழுதினார் என்று சொல். கேட்காவிட்டாலும் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே கூப்பிட்டு நீயாகச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
சேஷன்