தெரிந்தவனுக்கு எதற்கு வாசிப்பது

அன்பு மகள் கொரீனுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், குளிர் தொடங்கியதும் அவளுக்கு முழங்கால் வலி மட்டும் திரும்பியிருக்கிறது. அலாஸ்காக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்கிறார்களா என்று எழுது.

இங்கே தேர்தல் முடிந்தது. உள்ளூர் நீதிபதிக்குச் சட்டப் பட்டம் வேண்டுமா வேண்டாமா என்று இந்தத் தடவை ஓட்டுச் சீட்டிலேயே கேட்டிருந்தார்கள். வேண்டும் என்று முடிவு வந்திருந்தால், சட்டம் படிக்காமலே பதினெட்டு வருஷமாக நான் உட்கார்ந்த நீதிபதி நாற்காலியை விட்டுவிட்டு என் டிராக்டர் பட்டறையோடு கிடக்க வேண்டியதுதான். பட்டம் வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசித் திரிந்தவன் பிரெஸ்டன் ஏக்லி என்கிற குட்டி வக்கீல். மாட்டுக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியாத ஆள், பளபளக்கும் ஷூ போட்டுக்கொண்டு நமக்கு நீதி சொல்லித்தர வந்தான். அக்டோபரில் ஊர் மன்றக் கூட்டத்தில் எழுந்து, விசாரணைக்கு முன்னால் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுகிறீர்களா என்று என்னைக் கேட்டான். நான் விடுவேனா, "நெடுஞ்சாலையில வேகமாப் போயி மாட்டுற வெளியூர்க்காரனுக்கு ஒரு வரி விடாம வாசிப்பேன். நம்மூர் ஆளுக்கு எதுக்குத் தம்பி, அவன் டயப்பர்ல இருந்தப்பவே பார்த்தவன் நான்" என்றேன். கூடமே சிரித்தது, தீவனக் கடை ஆர்விட் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். ஏக்லியின் காது சிவந்துபோனதைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷம்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஹார்லன் டீட்டர் எழுந்தான், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பால் மாடு வைத்திருக்கிறானே அவன்தான். போன மார்ச்சில் அவன் மாடுகள் மூன்றாம் முறையாக வேலி தாண்டிச் சாலைக்கு வந்தன, வழக்கு என்னிடம் வந்தது, என் முன்னால் குரலை வேறு உயர்த்தினான், அந்தக் கோபமும் சேர்ந்து பதினைந்து நாள் சிறை கொடுத்தேன். அவன் மனைவி பெர்னிஸ் ஒருத்தியால் நாற்பது மாடு கறக்க முடியாமல் பாதியை விற்றுவிட்டாள். ஹார்லன் சண்டைக்கு எழுந்திருக்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான், "அப்போ அன்னைக்கு எனக்கும் வக்கீல் கெடைச்சிருப்பாரா?" என்று. இலவசமாகவே கிடைத்திருப்பார் என்று ஏக்லி மெதுவாகச் சொன்னான். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். யாரோ ஒரு வெளியூர்க்காரனுக்குக் கொடுத்ததை என் ஊர்க்காரனுக்குக் கொடுக்காமல் இருந்திருக்கிறேன், அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். ஏக்லியை முட்டாள் என்றவனுக்குத் தன்னை என்ன சொல்வதென்று தெரியவில்லை.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அம்மாவுக்குக்கூடத் தெரியாது, நான் 'வேண்டும்' என்றுதான் ஓட்டுப் போட்டேன். என்ன பிரயோசனம், மாவட்டம் முழுக்க 'வேண்டாம்'தான் ஜெயித்தது. நம்மூரில் முந்நூற்றாறுக்குத் தொண்ணூற்றொன்று. மறுநாள் காலையில் உணவுக்கடையில் ஆளாளுக்கு என் முதுகில் தட்டினார்கள், கேட்காமலே ஆப்பிள் பை பலகாரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். யோசிக்கத் துப்பில்லாத கூட்டம், அதற்கேற்ற நீதிபதி. வெளியே வந்தால் ஹார்லன் தன் டிரக் பக்கத்தில் நின்றிருந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "லைலு, 'வேண்டாம்'னு உனக்குத்தான்யா ஓட்டு போட்டேன். எவனோ படிச்சவன் வந்து உக்காந்தா அவனுக்கு என்னை எங்க தெரியப்போவுது?" என்றான். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம், மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் நன்றி என்றேன் கொரீன். பதினெட்டு வருஷத்தில் அதைவிடக் கேவலமாக என் வாயிலிருந்து ஒன்றும் வந்ததில்லை.

வண்டிக்குப் பனிக்கால டயர் மாற்றிவிட்டாயா, தள்ளிப்போடாதே. கர்த்தர் உன் கூடவே இருந்து எல்லாக் குறையும் தீர்க்கட்டும்.

உன் அப்பா,
லைல் வாண்டர்மார்க்