எலிசேயோ வளைத்த கம்பி

அன்புள்ள அம்மாவுக்கு,

வயோமிங்கிலிருந்து மகள் எவுஃபேலியா எழுதுவது. தேவமாதாவின் அருளால் நானும் உங்கள் மருமகன் எலிசேயோவும் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

பதறாமல் படியுங்கள். இவர் நம் பழைய பிக்கப்பில் பெரிய கார்புரேட்டர் மாட்டினார். ஆக்சிலேட்டரிலிருந்து அதற்குப் போகும் கம்பி எட்டவில்லை. புதிது வாங்காமல் கட்டில் கம்பியை வளைத்துப் பற்றவைத்துவிட்டார். ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு நான்தான் ஓட்டினேன். இவர் வேலை செய்யும் சுரங்கத்து மேட்டில் ஏற முழுசாக மிதித்தேன். உச்சி தாண்டிக் காலை எடுத்தும் வேகம் அடங்கவில்லை, கம்பி சிக்கிக்கொண்டது. வண்டி இறக்கத்தில் பாய்ந்தது. நான் கண்ணை மூடி, "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கிவிட்டேன்.

"மாதா எங்கயும் போகமாட்டாங்கடி, மொதல்ல சாவியத் திருப்பு!" என்று இவர் கத்தினார்.

திருப்பி, பிரேக்கை அழுத்தி, வேலியோரம் நிறுத்தினேன்.

"ஜெபத்த முடிச்சிருந்தா நேரா மோட்சத்துலயே நிறுத்தியிருப்ப" என்று சிரித்தார்.

கம்பியைச் சரிசெய்துவிட்டார். அதைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங்தான் தளர்ந்து கிடக்கிறது. தினமும் அந்த இறக்கத்தில்தான் வேலை முடிந்து வருகிறார். கொட்டகையில் கிடக்கும் டிராக்டரிலிருந்து நல்ல ஸ்பிரிங் இரண்டு கழற்றி அனுப்புங்கள். காவலுக்குச் சிமாயோ கோவிலின் புனித மண்ணும் கொஞ்சம் சிவப்பு மிளகாயும் வையுங்கள். கடிதம் நீளமாக எழுதுங்கள். பகலெல்லாம் எனக்குப் பேச ஆளில்லை.

அதோ, இவர் வண்டி மேட்டின் உச்சிக்கு வந்துவிட்டது. இனி எஞ்சின் சத்தம் குறைய வேண்டும். இன்னும் குறையவில்லை.

குறைந்துவிட்டது அம்மா. கடவுளுக்கு நன்றி. கதவைத் திறக்கப் போகிறேன்.

உங்கள் மகள்,
எவுஃபேலியா