மந்திரித்த கடை

2012 ஜூன் 4
டிஜோ மஸ்கட்டிலிருந்து வந்து நாலு மாதம். இனித் திரும்பிப் போகமாட்டேன் என்கிறார். சென்னைக் கம்பெனி ஒன்றின் பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமையை வாங்கி, தக்கலையில் வீடு, மனை விற்கும் ஆபீஸ் திறக்கப் போகிறாராம். ஒப்பந்தத்தைத் தந்து, "வக்கீலம்மா, படிச்சிட்டுச் சொல்லு, ஒப்பு போடுதேன்" என்று சிரித்தார். ஆன்சி அவர் மடியை விட்டு இறங்கவில்லை. ஐந்து வயதில் இப்போதுதான் அவளுக்கு அப்பா பழகியிருக்கிறார்.

மாதாவே, இந்தக் காகிதம் நல்லதாக இருக்கட்டும்.

ஜூன் 7
நல்லதாக இல்லை. தக்கலை முழுக்க நமக்குத்தான் என்று வாயால் சொன்னார்கள், எழுத்தில் இல்லை. எதிர்க்கடையையே இன்னொருவருக்குக் கொடுக்கலாம். விற்ற மனையில் வில்லங்கம் வந்தால் எல்லாம் நம் தலையில். வழக்கென்றால் சென்னையில்தான். ஈடாக இந்த முட்டத்து வீடு.

இதை அவரிடம் சொல்லப் போனால், மனிதர் கடையைப் பிடித்து, ஜெபித்துத் தீர்த்தம் தெளிக்கும் மந்திரிப்புக்கு ஃபாதரிடம் நாளும் வாங்கி, ஊரெல்லாம் சொல்லிவிட்டார்! எங்கள் ஆட்கள் இப்படித்தான். முதலில் தீர்த்தம், பிறகுதான் காகிதம். கத்திவிட்டேன்.

ஜூன் 10
மந்திரிப்பு நடந்தது. ஃபாதர் ஜெபித்தார், சுவரில் சிலுவைக் குரிசு மாட்டினார்கள், எல்லோருக்கும் கேக். நானும் பட்டுப்புடவையில் நின்றேன். மாமி காதருகே வந்து, "சாமியார் மந்திரிச்ச எடம் மக்கா. இனி ஒண்ணும் முடக்கு சொல்லப்பிடாது" என்றார்.

ஜூன் 13
குளச்சலில் இதே கம்பெனியின் பெயரில் ஆபீஸ் நடத்தி மூடிய ஜக்கரியா என்பவரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். "கேஸுக்கு சென்னைக்கு நடந்து மடுத்து சலிச்சுப் போச்சு மோளே. விட்டுட்டு வந்தாலும் மூணு வருசம் இந்த ஜில்லாவுல மனை யாவாரம் செய்யப்பிடாதுன்னு அதுல இருக்கு, பாத்தியளா?"

பார்த்திருந்தேன்.

ஜூன் 18
கம்பெனியிடம் திருத்தம் கேட்டதற்குப் பதில் வந்தது. எல்லோருக்கும் ஒரே ஒப்பந்தம்தானாம்.

ஜூன் 19
"ஏட்டி, சரீன்னு ஒரு வாக்கு சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன். இல்லேன்னா ஆறு மாசம் ஆவதுக்கு முன்ன நான் போவணும், விசா போயிரும்."

ஒரு வாக்கு. சொல்லியிருந்தால்தான் என்ன? இங்கேயே இருப்பாரே — நாக்கு நுனி வரை வந்தது. வேண்டாம் என்றேன்.

டிஜோ சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம்.

ஜூலை 21
திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் டிஜோவை ஏற்றிவிட்டு வந்தோம். வழியெல்லாம் ஆன்சி என் மடிக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 2
கோர்ட் வேலை முடிந்து தக்கலைக் கடையைக் காலி செய்தேன். காலி செய்ய என்ன இருக்கிறது, குரிசு ஒன்றுதான். அதைக் கழற்றினேன். ஆணியையும் பிடுங்கச் சொன்னார் கடையின் சொந்தக்காரர். பிடுங்கிய இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வீடு வந்ததும் டிஜோவின் போன். அவரிடம் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"குரிசை எடுத்தியா?"

"எடுத்தேன்."

"ஆணியப் பிடுங்காண்டாம் கேட்டியா. அடுத்த லீவுல நம்ம சொந்தப் பேருலயே அங்க ஒண்ணு தொடங்குவோம்."

சரி என்றேன். ஆணி என் கைப்பையில் கிடந்தது.