நான் குளிக்கப் போன இருபது நிமிடம்

என் கண்ணு பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அதேபோல இருந்தால் எனக்கு வேறென்ன வேண்டும். குட்டிக்கு முன்பல் விழுந்த போட்டோ வந்தது, அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போன வாரம் போனில் அம்மா குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாயே, சளி என்று சொன்னேன், அது பொய். அவள் என்னோடு பேசாமல் அன்றைக்குப் பதினாறு நாள் ஆகியிருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், எனக்கு நிஜத்தைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

தப்பு என் பேரில்தான். உன் தம்பியின் ரேஸ் வண்டி, அந்த முழங்கை நீள ரிமோட் டிரக், கடைசியாக ஓடின மண்ணோடு பின் அறை அலமாரியில் இருந்ததை நீயும் பார்த்திருக்கிறாய். எந்த ரேஸ் முடிந்து வந்தாலும் சாயங்காலமே அவனே உட்கார்ந்து கழுவுவான், என்னைத் தொட விடமாட்டான். அன்றைக்கு மட்டும் ஜெயித்துவிட்டு வந்தும் முகம் வாடி, உடம்பு கணகணன்னு இருக்குப்பா, நாளைக்குக் கழுவிக்கறேன் என்று வைத்துவிட்டுப் படுத்தான். அது ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை ஆஸ்பத்திரி, வெள்ளிக்கிழமை அவன் இல்லை. நீ விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோனது. அதை நினைத்து நீ இன்னும் உன்னையே திட்டிக்கொள்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார், அப்படிச் செய்யாதே கண்ணு, பக்கத்திலேயே இருந்த எங்களாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்தப் பதினோரு மாதமாக அம்மா அந்த அலமாரிப் பக்கம் துடைப்பத்தைக்கூடக் கொண்டுபோனதில்லை. நானோ முப்பத்தொரு வருஷம் பேரிங் பட்டறையில் வேலை பார்த்தவன், பேரிங்கில் மண் இருக்கிறது என்று தெரிந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. போன மாதம் விடாத மழை, சுவரெல்லாம் ஈரம், ஒருநாள் பார்த்தால் வண்டியின் அச்சில் துரு பூத்திருக்கிறது. அம்மா கடைக்குப் போயிருந்தாள். பேட்டரியையும் மின்சாமான்களையும் கழற்றி வைத்துவிட்டு, குழாயடியில் உட்கார்ந்து பழைய பல் பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி, துடைத்து, பெரிய காரியம் செய்த திருப்தியோடு மேஜைமேல் வைத்தேன். அம்மா பையோடு வந்து நின்றாள். அதுல இருந்த மண் எங்கே என்று மட்டும் கேட்டாள். நான் சாக்கடையைப் பார்த்தேன். பேரிங் போயிடுமே என்று ஏதோ உளறினேன், அவ்வளவுதான், அதோடு பேச்சு நின்றது. சாப்பாடு ஆறுது என்பதைச் சுவரிடம் சொல்வாள், சுவருக்குப் பதிலாக நான் போய்ச் சாப்பிடுவேன். சிரிக்காதே, உன் அப்பாவுக்கு இருபத்துமூன்று நாள் இப்படித்தான் போனது.

கழுவினதோடு நான் சும்மா இருந்தேனா, அதுவும் இல்லை. உள்ளே தண்ணீர் தங்கியிருக்குமே என்று, வண்டி குதிக்கும்போது அதிர்ச்சியைத் தாங்குகிற ஷாக்குகளைக் கழற்றினேன். உனக்கு இந்தச் சங்கதியெல்லாம் என்றைக்கும் அலுப்புத்தான், இருந்தாலும் கொஞ்சம் கேள். நாலு சக்கரத்துக்கும் விரல் நீளத்தில் நாலு ஷாக், உள்ளே ஆயில், வெளியே ஸ்பிரிங். எங்கள் இரண்டு பேருக்கும் ஓயாத சண்டை அதில்தான். மெல்லிய ஆயிலும் இளகின ஸ்பிரிங்கும் போட்டால் சக்கரம் தரையை விடாமல் பிடிக்கும் என்பது என் கட்சி. நம்ம ரேஸ் களத்துல தாவற மேடுதான் அதிகம், இளக்கமா இருந்தா குதிச்சதும் வண்டி வயிறு தரையில அடிச்சிடும்ப்பா, கெட்டியாத்தான் இருக்கணும் என்பது அவன் கட்சி. கடைசியில் நான் அப்பன் என்பதால் என் கட்சி ஜெயிக்கும். சனிக்கிழமை சாயங்காலம் நானே கோர்த்து மாட்டிவிடுவேன். மறுநாள் கிளம்பும்போது எதையாவது தொட்டியா என்று கேட்டால், நீங்க வெச்சபடியேதான் இருக்குப்பா என்பான். அவன் ஜெயித்தபோதெல்லாம் எல்லாம் என் செட்டிங் என்று பார்த்தவரிடமெல்லாம் நான் பீற்றிக்கொண்டதும், உனக்குப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினதும் மறந்திருக்க மாட்டாய். நான் கோர்க்கிற ஷாக்கின் மூடிக்குள் ஊசியால் ஒரு கோடு கீறுவேன், அது பட்டறைப் பழக்கம். இப்போது கழற்றின நாலில் ஒன்றில்கூட அந்தக் கோடு இல்லை. ஆயில் விளக்கெண்ணெய் மாதிரி கெட்டியாக இறங்கியது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, போய்ச் சேர்ந்த பிள்ளைமேல் கோபப்பட்ட அப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இவன் எப்போது மாற்றினான் என்பதுதான் பிடிபடவில்லை. நான் மாட்டின வண்டி என் கண்முன்னால்தான் இருக்கும், களத்துக்கும் என் மடியில்தான் போகும்.

நாலு நாள் கழித்து என் சட்டைப் பொத்தான் அறுந்தது. பேசாத பெண்டாட்டியிடம் எந்த முகத்தோடு கேட்பது, நாமே தைத்துக்கொள்வோம் என்று, அவள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து அம்மாவின் தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்தேன். இத்தனை வருஷத்தில் அதில் கை வைத்தது அன்றைக்குத்தான், அது கீச்சென்று வீடே கேட்கிற மாதிரி கத்தியது. நூல்கண்டுகளுக்கு அடியில் தம்பியின் கிழிந்த சட்டைத் துணியில் சுற்றி நாலு ஷாக். மூடியைத் திறந்து பார்த்தால் நாலிலும் என் கோடு. பொத்தானை மறந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரேஸ் அன்றைக்குக் காலையில் நான் குளிக்கப் போவேன் இல்லையா, அந்த இருபது நிமிடம்தான். உள்ளே நான் தலைக்கு ஊற்றிக்கொண்டிருக்க, வெளியே அவன் என்னுடையதைக் கழற்றித் தன்னுடையதை மாட்டியிருக்கிறான். அம்மா கதவோரம் வந்து நின்று, முதுகை நல்லா தேய்ச்சுக் குளிங்க, அவசரம் ஒண்ணும் இல்ல என்பாள். ஆறு வருஷமாக ஒவ்வொரு ரேஸ் அன்றைக்கும் சொல்வாள், மற்ற நாளில் சொன்னதே கிடையாது. இவளுக்கு நம்மேல் எத்தனை அக்கறை என்று நான் உள்ளே சோப்பும் கையுமாகப் பூரித்துப்போய் நிற்பேன். சாயங்காலம் கழுவுகிற சாக்கில் மறுபடி என்னுடையதை மாட்டிவிடுவான், அதற்காகத்தான் என்னைக் கழுவ விடவில்லை. கடைசி ஞாயிறு கழுவ முடியாமல் படுத்ததால் அவன் மாட்டினது அப்படியே நின்றுபோயிருக்கிறது. ஜெயித்ததெல்லாம் அவன் கைவேலை, பேரெல்லாம் எனக்கு. ஒருநாள்கூட வாயைத் திறக்கவில்லையே கண்ணு. ஆஸ்பத்திரியில்கூட நான் அன்றைக்கு அழுத மாதிரி அழவில்லை. அவனும் அவளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அந்த வண்டி, அதன்மேல் போய் நான் பிரஷ்ஷைப் போட்டிருக்கிறேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்றால் எனக்கு எல்லாம் தெரிந்துபோனதை முதலில் சொல்ல வேண்டும், அவளிடம் மிச்சம் இருக்கிற ஒரே ரகசியத்தையும் பிடுங்கின மாதிரி ஆகிவிடும். என்ன செய்வது என்று தெரியாமல் துணியைச் சுற்றி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

களத்தை நடத்துகிற கண்ணாடிக்காரர் முன்னாலேயே கேட்டிருந்தார், இந்த வருஷம் முதல் ரேஸுக்கு முன்னாடி தம்பி வண்டி ஒரு சுத்து ஓடணும், நீங்கதான் ஓட்டணும் என்று. போன சனிக்கிழமை அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து வண்டியை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் ஷாக்கை மாட்டுவதுதான் முறை. ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா, இழுப்பறையில் இருந்த என் நாலையும் எடுத்து மாட்டினேன், அவன் நாலையும் அதே துணியில் சுற்றி நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்தேன். ஞாயிறு காலையில் வண்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து, குளிக்கப் போறேன் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டுப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. வாளி நிரம்பி வழிந்தது. சரி, அவளுக்கு மனசு வரவில்லை, நான் செய்ததற்கு இதுதான் கூலி என்று எழுந்திருக்கப் போனேன், அப்போது அந்த இழுப்பறை கீச்சென்றது. கொஞ்ச நேரம் கழித்து ஸ்குருடிரைவர் மேஜைமேல் உருண்டது. அதற்கப்புறம் கதவுக்கு வெளியே அம்மாவின் குரல், முதுகை நல்லா தேய்ச்சுக் குளிங்க, அவசரம் ஒண்ணும் இல்ல. இருபத்துமூன்று நாள் கழித்து என்னிடம் பேசின முதல் பேச்சு. நான் வாயில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பதில் சொன்னால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

அவளும் களத்துக்கு வந்தாள். வண்டி அந்தப் பெரிய மேட்டில் தாவி, பூனை இறங்குகிற மாதிரி இறங்கியது, என் ஷாக்காக இருந்திருந்தால் நிச்சயம் வயிறு அடித்திருக்கும், அவன் சொன்னதுதான் சரி. கண்ணாடிக்காரர் யார் செட்டிங் என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். எல்லாம் நான் வெச்சதுதான் என்று சொன்னேன். அம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள், சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. திரும்பி வரும்போது வண்டி அவள் மடியில் வந்தது. புடவையெல்லாம் மண். இப்போது அதே அலமாரியில் மண்ணோடு இருக்கிறது, நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. அவன் இல்லாத வீடு இல்லாத வீடுதான், அதில் மாற்றம் ஒன்றும் இல்லை, இரண்டு பேரும் பேசிக்கொண்டு இருக்கிறோம், அவ்வளவுதான்.

குளிர் அதிகம் என்றாயே, குட்டிக்குக் காதை மூடி அனுப்பு, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் மூன்று பேரும் நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், வேறு எதையும் நான் இப்போது வேண்டுவதில்லை. எனக்குத் தெரியும் என்பதை அம்மாவிடம் மூச்சுவிடாதே. அடுத்த மாதம் வர லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்றாயே, கட்டாயம் கேள், அந்த மாதம் இன்னொரு ரேஸ் இருக்கிறது, கண்ணாடிக்காரர் மறுபடி கூப்பிட்டிருக்கிறார். போன தடவை அம்மா மாட்டினதில் இடது பின் ஷாக்கின் ஸ்குரு பாதிதான் ஏறியிருந்தது, அவளுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டியிருக்கிறது. நீ வந்து அவள் பக்கத்தில் நில். நான் மெதுவாகவே குளிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா