ஏற்றியவள் இறக்காத நாண்

வாழவந்தி,
ஏற்காடு.
9-8-87

அன்பு மகன் ஏசுராஜுக்கு அம்மா முத்தங்களோடு எழுதுவது. மாதா துணையில் நானும் அப்பாவும் சுகம், மஸ்கட்டில் உன் சுகத்துக்கு நாள் தவறாமல் வேண்டிக்கொள்கிறோம். சுகம் என்று எழுதுவதுதானே முறை, எழுதிவிட்டேன், மற்றதை நீயே கண்டுகொள்வாய். மழை விட்டபாடில்லை, நேற்று சேலம் பஸ் வரவேயில்லை. சின்னத்தாயி மாடு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது, சீம்பால் கொண்டுவந்தாள், அமலி இருந்தால் சட்டியோடு தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள், இப்போது தின்ன ஆளில்லை.

உன் கடிதம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்தும் வரப்போவதில்லை, தங்கச்சி அமலி அடக்கத்துக்கு வராதவன் எந்த முகத்தோடு வருவேன் என்று எழுதியிருக்கிறாய். கம்பெனிக்காரர்கள் பாஸ்போர்ட்டைக் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள், நீ என்ன பறந்தா வருவாய்? உன்னை யாரும் குறை சொல்லவில்லை கண்ணு. அதே கடிதத்தில், அவள் வில்லை நாணேற்றியபடியே வைத்திருந்தால் பலம் போய்விடும், கழற்றி வையுங்கள் என்றும் எழுதியிருந்தாய், அதைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

பொங்கல் கழிந்த அந்தச் சனிக்கிழமை காலையில் அவள்தான் நாணேற்றி ஆணியில் மாட்டினாள், சாயங்காலம் நாலு அம்பு விடப்போகிறேன் என்றாள். மதியம் காய்ச்சலில் படுத்தவள், சேலம் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் போனவள், பெட்டியில்தான் திரும்பினாள். அன்றிலிருந்து உங்கப்பா அதை என்னையும் தொட விடவில்லை. ஏத்தினவ வந்து எறக்கட்டும் என்று ஒரே பேச்சு. எஸ்டேட்டில் கணக்கெழுதி, அத்தனை பேருக்கும் புத்தி சொல்லும் ரைட்டருக்கு வீட்டில் இந்தப் பிடிவாதம். அடக்கத்தன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன், நான் என்ன சொல்ல.

நீங்கள் இரண்டு பேரும் அந்த வில்லை எடுத்த நாள் எனக்கு அப்படியே இருக்கிறது. பழைய மேனேஜர் பங்களாவைக் காலி செய்தபோது வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார், பரண்மேல் இரண்டு வில் கிடந்தது, இரண்டுமே நுனி முன்பக்கம் சுருண்ட பழைய வில். நீ பளபளப்பாக இருந்ததைப் பிடித்துக்கொண்டாய். அவள் தலையணையைப் பிய்த்துப் பஞ்சு எடுத்து இரண்டையும் தடவிப் பார்த்தாள், உன்னதில் ஓர் இடத்தில் பஞ்சு சிக்கியது, கண்ணுக்குத் தெரியாத விரிசல். மங்கலாக இருந்ததை நாணேற்றி, ஒரு கண்ணை மூடி நுனியிலிருந்து பார்த்து, நாண் நடுவில் ஓடுது, இதுதான் என்றாள். மாப்பிள்ளையையும் இப்படித்தான் பஞ்சு வச்சிப் பார்த்து எடுப்பேன் என்று சொன்னாளே, நாம் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோமே சாமி.

போன வாரம் நானும் அவளைப் போலவே நுனியிலிருந்து பார்த்தேன். மழை ஈரத்தில் வில்லின் மேல்பாதி முறுக்கிக்கொண்டு, நாண் ஓரமாக ஒதுங்கியிருந்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் உங்கப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஏனுங்க, புள்ள பாத்துப் பாத்து எடுத்ததுங்க, இதையும் நாம சாகக் குடுக்கலாமுங்களா என்று கேட்டேன். அவரே வில்லை எடுத்துக்கொண்டு காப்பிக் களத்துக்குப் போனார். வெறும் நாணை இழுக்கப் பார்த்தார், அம்பில்லாமல் விட்டால் வில் உடைந்துவிடும் என்று அவள் சொல்வாளே, நான் சத்தம் போட்டேன். அம்பு வைத்து, அவளைப் போலவே கன்னம் வரை இழுத்தார், அந்தப் பிள்ளை பல்லைக் கடித்து இழுத்த நாண் இந்தத் தோள்வலிக்காரருக்குச் சுலபமாக வந்தது, வில்லின் பலம் போய்விட்டது என்று அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. அம்பு அவள் குறிவைக்கும் வைக்கோல் மூட்டைக்குப் பக்கத்தில்கூடப் போகாமல் காப்பிச் செடிக்குள் விழுந்தது. தேடப் போனவர் நொம்ப நேரம் வரவில்லை. உள்ளேயிருந்து அழும் சத்தம் கேட்டது, நான் போகவில்லை, அழட்டும் என்று நின்றுகொண்டேன்.

அம்பு கிடைக்கவில்லை. வந்து அவர் வில்லைத் தொடையில் கொடுத்து வளைக்க, நான் நாணின் கண்ணியைக் கழற்றினேன். முன்பெல்லாம் நாண் கழன்றால் விலுக்கென்று முன்பக்கம் மலருமே, இப்போது பாதிதான் நிமிர்ந்தது. சமதரையில் படுக்க வைத்திருக்கிறோம், தேறுமோ என்னவோ. இறக்கிவிட்டோமே தவிர, ஏற்ற எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. இந்த வீட்டில் தெரிந்தவள் போய்விட்டாள், மிச்சம் நீ ஒருத்தன். எழுத உட்கார்ந்ததும் உங்கப்பா பக்கத்தில் வந்து, எறக்கினது நான், ஏத்தறதுக்கு அவனை வரச் சொல்லு என்று சொன்னார்.

வெயிலில் அலையாதே, தலைக்கு எண்ணெய் வை, வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் காப்பார். டிக்கெட் போட்டதும் தேதி எழுது. வரும்போது புது நாண் எதுவும் வாங்கி வராதே, அவள் நாணே நன்றாகத்தான் இருக்கிறது.

உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
செல்வமேரி